முடிந்ததைக் கேட்காதவர்

கடித உறையைப் பிரித்த பிறகுதான் நல்லமுத்து மாஸ்டர் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவார். பிரிப்பதற்கென்றே ஒரு தேக்கரண்டி வைத்திருக்கிறார். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து இரத்தப் பரிசோதனை முடிவோ, கழுத்துக் கட்டியின் சோதனை முடிவோ, எது வந்தாலும், கொண்டு வந்தவர் கை கட்டி நிற்க, அவர் கரண்டிக் காம்பை உறைக்குள் விட்டு ஒரே இழுப்பாகக் கிழிப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக் கடைசி வரி வரைக்கும் படிப்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுவார். அதற்கப்புறம், "சரி, இப்ப ஜெபம் பண்ணுவோம்" என்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம் இதற்கு நேர் எதிர். உறையை ஒட்டியபடியே பாஸ்டரிடமோ கோயில் பூசாரியிடமோ கொண்டுபோய், அதன் மேல் கையையோ திருநீற்றையோ வைத்த பிறகு பிரிப்பார்கள். மாஸ்டர் அதற்கு இணங்குவதில்லை. "உள்ள எழுதி முடிச்சாச்சுங்க. மை காஞ்சு ஒரு வாரம் ஆச்சு. இப்பக் கேட்டா, எழுதினத அழிச்சிட்டு வேற எழுதுன்னு கேக்குறதுதான். அது ஜெபம் இல்ல."

இதனால் அவரிடம் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. காளியாயிக்கு ஐம்பத்தைந்து வயது. கிறிஸ்தவர் அல்ல, அவருடைய நம்பிக்கை முழுவதும் தோட்டத்து மாரியம்மனிடம். ஆனால் தாளை ஒழுங்காகப் படித்துச் சொல்லுகிறவர் மாஸ்டர்தான் என்பதால் தன்னுடைய எல்லா ரிப்போர்ட்டையும் இங்கேதான் கொண்டு வருவார். ஒரு முறை சீனி வியாதி இல்லை என்று வந்தது. காளியாயி மகிழவில்லை. "நல்லதுன்னு வந்தாலும் ஒரு ருசி இல்ல மாஸ்டர். சாமி குடுத்துச்சா, தானா வந்துச்சான்னு தெரிய மாட்டேங்குதே" என்றார்.

மாஸ்டருக்கு அறுபத்து மூன்று வயது. ஆள் குள்ளம். அட்டனில் பழைய உடுப்புக் கடையில் வாங்கிய பழுப்புக் கோட்டு, கை நீளம் என்பதால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பார். பிறந்ததும் இப்போது இருப்பதும் தோட்டத்தின் கீழ் டிவிசனில், மேட்டு லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே காம்பராவில், ஒற்றை அறை வீட்டில். முப்பது வருடம் பாடசாலைகளில் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தார். இடையில் தபால் மூலமும், பிறகு விடுமுறைகளில் நேரில் போயும் யூதர்களின் பழைய மொழியான எபிரெயத்தைக் கற்றுத் தேர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு கண்டிப் பக்கத்தில் ஒரு இறையியல் கல்லூரி வாரத்தில் நான்கு நாள் வரச் சொல்லிக் கேட்டது. செவ்வாய் காலை போவார், வெள்ளி பின்னேரம் திரும்புவார். புத்தகங்களை அரிசிப் பையின் உட்புறப் பொலித்தீனில் சுற்றித்தான் கொண்டு போவார். எங்கள் ஊர் ஈரத்தில் வேதமும் பூஞ்சணம் பிடிக்கும் என்பார். பாஸ்டர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில், அதாவது அநேகமான ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்துச் சர்ச்சில் ஜெபம் நடத்துவதும் அவரே.

காலை பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்திருக்கும். மாஸ்டர் அதில் விரலால் எபிரெய எழுத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக எழுதிக்கொண்டு வருவார். பக்கத்தில் இருப்பவர், இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று பார்க்க உள்ளங்கையால் அதைத் துடைத்துவிடுவார். மாஸ்டர் கண்ணாடியில் ஒரு மூச்சு விட்டு மறுபடி எழுதுவார்.

இத்தனை படித்தவர், தன் வாழ்நாளில் ஒரேயொரு யூதரோடுதான் பேசியிருக்கிறார். சிவனொளிபாதமலைக்குப் போவதற்காக அட்டன் ஸ்டேஷனில் இறங்கிய ஒரு பெண், முதுகில் தன் உயரத்துக்கு ஒரு பையோடு. அவளுடைய தொப்பியில் இருந்த எழுத்தைக் கண்டதும் மாஸ்டர் எபிரெயத்தில் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். அவள் முதலில் திகைத்து, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய ஆள் ஒருவர் வந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மாஸ்டர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். நீ ஜெபம் செய்வதுண்டா என்று கேட்டார். பிளேன் ஆடினால் மட்டும், என்றாள் அவள். "உண்மைய சொல்லிருச்சு அந்தப் புள்ள," என்று இன்றைக்கும் சொல்லுவார். "நம்ம சர்ச்சுல யாரு அப்பிடிச் சொல்லுவா?"

சனிக்கிழமை பின்னேரங்களில் தோட்டத்து வாசிகசாலையில் பேசுவார். பாதிப் பேர் இந்துக்கள். நான் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்; மழைக்கு ஒதுங்கப் போய், பிறகு வழக்கமாகப் போகத் தொடங்கினேன். அவர் மேடைப் பேச்சு மாதிரிப் பேசமாட்டார். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, அதை நாக்கால் தொட்டுக்கொண்டு வெறும் தேநீரைக் குடித்தபடி, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லுகிற தொனியில் சொல்லுவார்.

யூதர்கள் நாளுக்கு மூன்று வேளை, பெரும்பாலும் அதே சொற்களைச் சொல்லி ஜெபிக்கிறார்கள் என்றார். தொடக்கமும் முடிவும் துதியும் நன்றியும். கேட்கும் பகுதி நடுவில் இருக்கிறது; அதிலும் 'எனக்கு' இல்லை, 'எங்களுக்கு'தான். ஓய்வுநாள் வந்தால் அந்தக் கேட்கும் பகுதியையும் எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்குக் கடவுளிடம் எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. "நம்ம பக்கம் ஞாயித்துக்கெழமதான் லிஸ்ட்டே நீளம்" என்று நிறுத்தி, சீனியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

விசுவாசம் பற்றியும் அவருக்கு ஒரு பார்வை இருந்தது. கேட்டது கிடைக்கும் என்று உறுதியாக நம்புவதைத்தான் நம் கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்கிறார்கள். பழைய யூதர்களுக்கு அது, கிடைக்காமல் போன பிறகும் விட்டுவிட்டுப் போகாமல் நிற்பது. "கலியாணம் மாதிரிங்க. நம்பிக்கை இருக்கான்னு யாரு கேக்குறா? வீட்டுக்கு வர்றியா இல்லையா, அதானே கேள்வி." அவருடைய மனைவி ஜீவராணி அன்று பின்வரிசையில் இருந்தார். வெள்ளிக்கெழம வந்தாலும் புத்தகத்தோடதானே வர்றீங்க என்று அங்கிருந்தே சொன்னார்.

நீங்கள் கிறிஸ்தவரா யூதரா என்று ஒரு முறை பாஸ்டரே கேட்டுவிட்டார். மாஸ்டர் சிரித்தார். நான் கிறிஸ்தவன்தான், ஆனால் இயேசுவுக்குச் சின்ன வயதில் ஜெபம் பண்ணப் பழக்கியது யார், ஒரு யூத அம்மாதானே, என்றார்.

அவர் அதிகமாகச் சொன்னது ஒரு பழைய சட்டத்தைப் பற்றி. நடந்து முடிந்த ஒன்றை மாற்றித் தரும்படி கேட்பது வீண் ஜெபம் என்று யூத குருமார்களான ரபிமார்கள் வகுத்திருக்கிறார்கள். அதற்கு அவர்களே இரண்டு உதாரணம் தந்திருக்கிறார்கள். மனைவி கர்ப்பமான பிறகு ஆண் பிள்ளையாக இருக்கவேண்டும் என்று கேட்பது ஒன்று. வெளியூர் போனவன் திரும்பி வரும்போது ஊருக்குள்ளிருந்து கூக்குரல் கேட்கிறது. அது என் வீடாக இருக்கக்கூடாது என்று கேட்பது மற்றது. பாஸ்டர் இதை ஏற்கவில்லை. கேட்கச் சொன்னவர் இயேசு, கேட்காதே என்று சொல்ல ரபி யார் என்றார். மாஸ்டர் அமைதியாக, இயேசுவும் தனக்கு வரப்போவது வராமல் போகட்டும் என்று ஒலிவ மரத் தோட்டத்தில் கேட்டார்தான், ஆனால் நடப்பதற்கு முந்திய இரவில் கேட்டார், நடந்த பிறகு கேட்கவில்லை என்றார். இரண்டாவது உதாரணத்தில் காலத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் கூக்குரல் யாரோ ஒருவருடைய வீட்டிலிருந்துதான் வருகிறது. என் வீடு இல்லை என்று கேட்டால், பக்கத்து வீடு என்று கேட்டதாகிறது.

நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போன நவம்பர் மழையில் ஒரு வெள்ளிக்கிழமை. மாஸ்டர் கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். நான் அட்டனில் ஒரு ஆசிரியர் கூட்டம் முடிந்து அதே பஸ்ஸில் ஏறினேன். காளியாயியும் கிளினிக் போய்விட்டு அதே பஸ்ஸில் இருந்தார். டிக்கோயா தாண்டியதும் கண்டக்டருக்கு ஒரு அழைப்பு வந்தது. முன்னால் போன பஸ்ஸின் டிரைவர். கண்டக்டர் போனை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கீழ் டிவிசன்ல மண்ணு சரிஞ்சு ஒரு லயம் போயிருச்சாம்." எந்த லயம் என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு யாருடைய போனிலும் சிக்னல் இல்லை.

கீழ் டிவிசனில் சரிவில் இருப்பது இரண்டே லயங்கள். மேலே மேட்டு லயம், அதற்குக் கீழே பள்ளத்து லயம். மாஸ்டருடைய மனைவியும், காளியாயியின் மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தது மேட்டு லயத்தில். நானும் என் அக்கா பிரியந்தியும் பள்ளத்து லயத்தில் இருந்தோம். மழை என்று அன்று பாதி நாளில் கொழுந்து பறிக்கும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

பஸ்ஸில் எங்கள் டிவிசன்காரர் பதினைந்து பேராவது இருப்பார்கள். எல்லாரும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், ஒரு ஜெபம் போடுங்க மாஸ்டர், நம்ம வீடுகளுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாதுன்னு, என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

மாஸ்டர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கேக்க முடியாதுங்க" என்றார். "மண்ணு எறங்கி முடிஞ்சிருச்சு. எந்த லயம்னும் முடிஞ்சிருச்சு. நம்மது இல்லன்னு கேட்டா, இதே பஸ்ஸுல இருக்குற இன்னொருத்தர் வீடுன்னு கேக்குறதா ஆயிரும். போய் நிக்கிறதுக்குப் பலம் குடுன்னு வேணும்னா கேக்கலாம்."

அதை யாரும் கேட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை. காளியாயி மட்டும் பதில் சொன்னார். "அப்ப நீங்க பேசாம வாங்க மாஸ்டர். நாங்க கேட்டுக்கிறோம்." சொல்லிவிட்டு முந்தானையை இரண்டு கையிலும் ஏந்தி, வாய்விட்டு மாரியம்மனை அழைக்கத் தொடங்கினார். மற்றவர்களும் ஆளுக்கொரு சாமியை அழைத்தார்கள். மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

வழியில் ஒரு வளைவில் மண்ணும் மரமும் விழுந்து பாதையை அடைத்திருந்தன. இறங்கி நடந்தோம். இரண்டு மைல். மழை விடவில்லை. மாஸ்டருக்கு வேகமாக நடக்க முடியாது. எனக்கு ஏனோ வேகமாக நடக்கத் தோன்றவில்லை. அதனால் இருவரும் பின்தங்கி ஒன்றாக நடந்தோம். அவர் வாய் அசையவில்லை என்பதைக் கவனித்தது நினைவிருக்கிறது. சின்னப் பாலத்தருகே ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

கடைசி வளைவில் டிவிசன் முழுவதும் தெரியும். மேட்டு லயத்தின் தகரக் கூரை முழு நீளத்துக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே தேயிலை தெரியவில்லை, சிவப்பு மண் தெரிந்தது. மாஸ்டர் பாதையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடினேன்.

பள்ளத்து லயத்தின் எட்டுக் காம்பராவில் ஐந்து மண்ணுக்குள் இருந்தன. ஆறு பேர் போய்விட்டார்கள். அக்காவை மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். இரண்டு நாளும் மண்வெட்டி பிடித்தவர்களில் மாஸ்டரும் ஒருவர். கோட்டைக் கழற்றிவிட்டு நின்றதை அப்போதுதான் முதல் முறை பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் நடத்த மாஸ்டர் எழும்பவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. உறை கொண்டு வருகிறவர்களுக்குப் பிரித்து வாசித்துச் சொன்னார், அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஜெபம் வேண்டுமென்றால் பாஸ்டரிடம் போங்கள் என்று அனுப்பினார். தோட்டத்தில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். ஆறு உயிர் போனதைப் பார்த்து மனுஷனுக்கு விசுவாசம் போய்விட்டது என்றார்கள். தன் வீடு தப்பிய பெருமை என்றும் சிலர் சொன்னார்கள். அவரிடம் நேராகக் கேட்டவர் பாஸ்டர்தான். முதலில் ஒரு ஆளைப் பார்க்கவேண்டியிருக்கிறது, அது முடியாமல் அங்கே நிற்க முடியாது, என்று மாஸ்டர் சொன்னாராம்.

அந்த ஆள் நான். அக்காவின் கருமாதி முடிந்த மறுநாள், எங்களைத் தங்கவைத்திருந்த பாடசாலைக் கட்டடத்துக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"டீச்சர், அன்னைக்கிப் பாலத்துக்கிட்ட நின்னேன்ல. அங்க கேட்டுட்டேன். எங்க லயமா இருக்கக் கூடாதுன்னு. நீங்க பக்கத்துல நின்னீங்க. தெரிஞ்சேதான் கேட்டேன். மன்னிச்சிருங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு கதவைச் சாத்திவிட்டேன். கொஞ்ச நேரம் குடையில் மழை விழும் சத்தம் வாசலிலேயே கேட்டது. பிறகு அது நகர்ந்து போனது.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் வாதாடத் தயாராக இருந்தேன். உங்கள் பேச்சின்படியே அது வீண் ஜெபம்தானே, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடந்தது நடந்ததுதானே, அப்படியிருக்க எதற்கு மன்னிப்பு, என்று கேட்டேன். என் குரலில் ஏளனம் இருந்திருக்கும்.

அவர் கோட்டுக் கையின் மடிப்பைச் சரிசெய்தார். "மண்ணுக்கு அது ஒண்ணும் செய்யலங்க. அது சரி. ஆனா நான் ஒங்க வீட்டக் காட்டிக் குடுத்தேன்ல. அது நடந்திருக்குல்ல."

பிறகு, ஏன் தன்னால் சர்ச்சில் நிற்க முடியவில்லை என்பதை விளக்கினார். வாசிகசாலைத் தொனி கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. கடவுளுக்குச் செய்த குற்றத்தைக் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதுவரை கடவுளும் காத்திருப்பார் என்பது யூதர் பக்கம். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவன், தன் மேல் ஒருவனுக்குக் குறை இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்பது இயேசு சொன்னது. மற்ற எதில் பிரிந்தாலும் இந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே பேச்சுத்தான், என்றார். தப்பிக்க வழியில்லாத ஒருவரின் குரலாகத்தான் அது இருந்தது. என்னால் முடியாது என்று மட்டும் கடைசியில் சொன்னேன். பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை தனியாக வரவில்லை. ரபிமார்களின் சட்டப்படி, மன்னிப்புக் கேட்கப்பட்டவர் மறுத்தால், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் கேட்க வேண்டுமாம். தொழிற்சங்கத் தலைவர் சிவசாமி, காளியாயி, மாஸ்டருடைய மனைவி ஜீவராணி. எதற்கு வந்திருக்கிறோம் என்று மூன்று பேருக்கும் தெரியாது. வீடு சம்பந்தமான ஏதோ மனு என்று நினைத்து சிவசாமி பேனையும் கடதாசியும் கொண்டு வந்திருந்தார். நான் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை இழுத்துப் போட்டேன். மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மாஸ்டர் உட்காரவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, முதல் தடவை என்னிடம் சொன்னதை, ஒரு சொல்லும் குறையாமல் மறுபடியும் சொன்னார்.

சிவசாமி பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். ஜீவராணி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது. "நான் உசுரோட இருக்கணும்னு கேட்டதுக்கா மன்னிப்புக் கேக்குறீங்க?" என்றார்.

"நீ உசுரோட இருக்கணும்னு கேட்டிருந்தாப் பரவாயில்ல ஜீவா," என்றார் மாஸ்டர். "அது வேற லயமா இருக்கட்டும்னுல்ல கேட்டேன்."

காளியாயிதான் பொறுக்கமாட்டாமல் வாங்கிலிருந்து எழும்பினார். "அடேங்கப்பா, இதுக்கா மூணு பேரக் கூட்டி வச்சிருக்கீக. பஸ்ஸு முழுக்க அதத்தானே மாஸ்டர் கேட்டுக்கிட்டு வந்துச்சு. நான் வாய்விட்டே கேட்டேனே. எனக்கு எத்தன பேரு சாட்சி வேணும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபத்தில் அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நீங்க மட்டும் என்ன டீச்சரம்மா, பாட்டா படிச்சிக்கிட்டு வந்தீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அந்த இரண்டு மைல் நன்றாக நினைவிருக்கிறது. எந்த மரத்தடியில், எந்த மைல்கல்லில், எத்தனை தடவை என்பது வரைக்கும்.

"மேட்டு லயமா இருக்கட்டும்னு கேட்டேன்," என்றேன். ஜீவராணி எதிரில் இருந்தார். அவரைப் பார்க்காமல்தான் சொன்னேன். "எங்களுது இல்லன்னு கேக்கல மாஸ்டர். ஒங்களுதா இருக்கட்டும்னு பேரு சொல்லியே கேட்டேன்."

வெளியே பாடசாலை முற்றத்தில் யாருடைய கோழியோ கத்தியது. மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் சந்தேகமான விடையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"வாய்விட்டா, மனசுக்குள்ளயா?"

"மனசுக்குள்ளதான்."

"நானும் மனசுக்குள்ளதான்" என்றார். பிறகு, "அப்ப நீங்களும் வந்து கேக்கணும் டீச்சர். மூணு தடவ. மழ காலத்துல வேணாம், வழுக்கும்."

வேடிக்கைக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. காளியாயி சிரித்துவிட்டார். சிவசாமியும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று சுற்றிப் பார்த்தார். ஜீவராணி சிரிக்கவில்லை. நான் மாஸ்டர் கேட்டு வந்த சொல்லைச் சொன்னேன். மன்னிச்சிட்டேன் மாஸ்டர், என்று. அது ஒரு சொல்தான். இரண்டு மாதம் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் எழும்பி ஜெபம் நடத்தினார் என்று காளியாயி வந்து சொன்னார். சர்ச்சுக்கு வெளியில் நின்று கேட்டாராம். ரொம்பச் சின்ன ஜெபம், ஆறு பேருடைய பெயரையும் சொல்லி அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு நன்றி சொன்னார், எதுவும் கேட்கவில்லை, என்றார். உள்ளே இருந்தவர்களுக்கு அது போதவில்லை என்றும் சொன்னார்.

எனக்கு மழை விடும்வரை காத்திருக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தூறலோடு மேட்டு லயத்துக்குப் போனேன். அங்கே இருப்பது ஆபத்து என்று சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டிருக்கிறார்கள். மாற்று இடம் இன்னும் கிடைக்காததால் எல்லாரும் அந்தக் குறிக்குப் பின்னால்தான் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். மாஸ்டர் வாசலில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். பாதை திரும்பும் இடத்திலேயே என்னைக் கண்டுவிட்டார். நான் படியேறி மேலே வருவதற்குள், அவரிடம் எப்படித் தொடங்குவது என்பதை இரண்டு விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவர் என்னைப் பேசவிடவில்லை. புத்தகத்தை மூடினார். உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு எதிரே போட்டார். சாரல் பட்டிருந்த இடத்தைக் கோட்டின் கையால் துடைத்தார். "ஜீவா, இங்கன வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மண் சரிந்த அன்று இதே காம்பராவில் இருந்த ஜீவராணி கையில் மாவோடு வந்தார். அவரைத் தன் கதிரையில் உட்காரவைத்தார். பிறகு குடையையும் எடுக்காமல் படியிறங்கிப் போய், எங்கள் பேச்சு காதில் விழாத தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூறலில் நின்றார்.